புதிய கணினியும் பழைய கோப்புகளும்

இரவு உறங்கி விடியலில் எழுந்த ஒருவர், தமது நாற்சார் வீட்டின் தலைவாயில் இடம் மாறியிருப்பதையும், அடுக்களைப் பாத்திரங்கள் யாவும் வேறு தட்டுகளில் அடுக்கப்பட்டிருப்பதையும் கண்டால் எவ்வாறு திகைப்பார்! கணினியின் பணிசெயல் முறைமை மாறும்போது அதனைப் பயன்படுத்துவோர் அடையும் திகைப்பும் அத்தகையதே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடைத்தெருக்களில், தட்டச்சும் நிழற்பிரதியும் செய்துகொடுக்கும் சிறு நிலையங்கள் பல உண்டு. அத்தகைய இடங்களில் நெடுங்காலம் பயன்பட்ட விண்டோஸ் 10 என்னும் முறைமை 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. தனியே பதிவுசெய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டுத் தவணை அளிக்கப்பட்டது. கணினி அன்றே செயலற்றுப் போகவில்லை. ஆயினும் காவலில்லாத வீட்டில் எத்தனை நாள் குடியிருப்பது?

2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறலாமெனின், ஆங்கும் தடைகள் உள. நான்கு கிகாபைட் நினைவகமும், 64 கிகாபைட் சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும் அதற்கு வேண்டும். குறையேதுமின்றி இயங்கும் பழைய கணினி, இவற்றுள் ஒன்று இல்லாமையால் தகுதியற்றதென ஒதுக்கப்படுகின்றது. தகுதியுள்ள கணினியிலோ, இடது மூலையிலிருந்த தொடக்கப் பொத்தான் நடுவே வந்து நிற்கின்றது. விண்டோஸ் 11 வெளிவந்த காலத்தில், படியெடுத்தல், ஒட்டுதல் என்பவற்றைக் குறித்த சொற்கள் மறைந்து, சிறு படங்களே வலது சொடுக்கில் தோன்றின. வீட்டுப் பதிப்பை முதன்முதல் நிறுவுவதற்கு இணைய இணைப்பும் கணக்கொன்றும் கேட்கப்படுகின்றன.

இவை யாவும் எரிச்சலூட்டுவனவே. எனினும் பழக்கத்தால் தீர்வன. பொத்தானை அமைப்புப் பகுதியில் மீண்டும் இடப்புறம் நகர்த்திவிடலாம். பழக்கத்தால் தீராத இடர் ஒன்றுண்டு. அது தமிழ் எழுத்தைப் பற்றியது.

கணினிகள் தமிழை நேரே அறியாத காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்து எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் பாமினி ஈழத்தில் மிகவும் பரவியது. தட்டெழுத்துப் பொறியில் பயின்ற விரல்களுக்கு அதன் விசையமைப்பு எளிதாயிருந்தது. ஆயின் பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டும்போது கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு உள்ளவரை அது தமிழாய்த் தோன்றும். புதிய கணினியில் அவ்வெழுத்துரு நிறுவப்படாவிடின், பொருளற்ற ஆங்கிலக் குவியலே திரையில் நிற்கும்.

இவ்வாறு மறைவன எவை? கோயிற் கணக்குகள், சனசமூக நிலையக் கூட்ட அறிக்கைகள், அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் கல்வெட்டுகள். ஒரு குடும்பத்தின் வம்சாவளியும் உறவுமுறையும் கல்வெட்டிலன்றி வேறெங்கும் எழுதப்படாதிருத்தல் உண்டு. அவ்வேடு மங்கினால், கடல்கடந்து வாழும் பேரப்பிள்ளை பாட்டனின் ஊரை எங்கே தேடுவது?

தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக்குறியீடுகள் வழங்கும் யுனிக்கோட் முறையில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. அம்முறையில் எழுதியதைக் கணினியும் கைத்தொலைபேசியும் தமிழாகவே அறியும். தேடினாலும் எடுத்துத் தரும். பாமினிக் கோப்புகளை அதற்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயின் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆங்கிலச் சொற்கள் கலந்த பக்கத்தை முழுதாக மாற்றினால், அச்சொற்களும் தமிழ் எழுத்துகளாய்ச் சிதைந்துவிடும். ஆகவே மாற்றியபின், அச்சிட்ட பிரதியோடு ஒப்பிட்டு, பெயர்களையும் திகதிகளையும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று. பழைய கோப்பையும் பாமினி எழுத்துருவையும் அழித்துவிடாது, வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தலும் தக்கது.

வீடு மாறுவோர் முதலில் பெட்டகத்திலுள்ள உறுதிகளைப் பத்திரப்படுத்திக்கொள்வர். பானை சட்டிகளைப் பின்னரே வண்டியில் ஏற்றுவர். புதிய கணினியை வாங்கச் செல்வோரும் அம்முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். பொத்தானின் இடம் சில நாட்களில் விரலுக்குப் பழகிவிடும். படிக்க முடியாமற்போன பெயர் ஒன்றை எந்தப் பழக்கமும் மீட்டுத் தராது.