விரிசலைத் திறக்கத் தெரிந்த கை

1961இல் தொடங்கி நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களில் சில இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அப்படி ஒரு காரில் ஏறி உட்கார்ந்தால் கை தானாகப் போய் விழும் இடம் ஸ்டீயரிங். காரின் வயது தெரிவதும் அங்கேதான். ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருக்கும்.

அந்தக் காலத்து ஸ்டீயரிங்கின் உள்ளே இரும்பு வளையம். மேலே கெட்டி ரப்பரோ பிளாஸ்டிக்கோ வார்த்திருப்பார்கள். வெயிலில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. வருஷம் ஏற ஏற மேலே உள்ளது சுருங்கும், இரும்பு இடம் கொடுக்காது. இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் பிளந்துவிடும்.

முதன்முதலில் இந்த விரிசலைச் சரிசெய்யும் வேலையில் இறங்கியபோது, நான் விரிசலின் மேலேயே பட்டி இழுத்துப் பெயின்ட் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த கத்திரி வெயிலில் அதே இடத்தில் அதே கோடு! கைதேர்ந்தவர்கள் விரிசலை முதலில் பெரிதாக்குவார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அவர்கள் செய்வதைப் பாருங்கள். நடு நட்டைக் கழற்றும் முன் தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் நேருக்கு நேர் ஓர் அடையாளம் வைப்பார்கள். திரும்ப மாட்டும்போது கோணலாகிவிடக் கூடாது. சுத்தியலால் தட்டாமல், புல்லர் போட்டு இழுப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுவார்கள். பிறகு ஆக்ஸா பிளேடால் விரிசலை மேலே அகலமாக, அடியில் குறுகலாக, இரும்பு தெரியும்வரை அறுத்துத் திறப்பார்கள். துருவைச் சுரண்டி எடுத்த பின்தான் எபாக்சிப் பட்டி. இரண்டு பகுதியும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, சற்று மேடாகவே அப்பி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுவார்கள்.

அடுத்து அரம், பிறகு 80, 220, 400 என்று உப்புத்தாள். பிரைமர் ஒரு கை அடித்ததும் ஒளிந்திருந்த ஊசித் துளையெல்லாம் வெளியே வரும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. கடைசியில் பெயின்ட், மெல்லிசாக, பல கை.

இந்தக் கலையின் தரத்தைக் கண்ணால் அளக்க முடியாது, விரலால்தான் முடியும். சில ஸ்டீயரிங்குகளின் அடிப்புறத்தில் விரல் பதியப் பள்ளங்கள் இருக்கும். அவசரக்காரர் அவற்றையும் பட்டியால் மெழுகிவிடுவார். பொறுமைசாலி உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்தையும் பழைய வளைவுக்கே கொண்டுவருவார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே இரும்பே உடைந்திருந்தால் பட்டியை நம்பாதீர்கள். உயிரைப் பிடித்துக்கொண்டு போகும் வளையம் அது. மாற்றியே ஆக வேண்டும்.

எங்காவது சீர்செய்த பழைய காரில் ஏற வாய்த்தால், ஆரக்கால் சேரும் இடத்தில் கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். எதுவும் தட்டுப்படாவிட்டால், அங்கே யாரோ ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்.