ஆய்வு மென்பொருளும் மீள்சோதனையும்



எம் பிள்ளைகளுட் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் தரவுகளைப் பகுப்பாய்வு செய்யும் கணினி நிரல்களை எழுதுகின்றனர். நிரல் தடையின்றி ஓடுவதால் மட்டும் அதன் விடை சரியாகிவிடாது என்பதை இங்கு வலியுறுத்த விரும்புகின்றேன்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனக் குழுவொன்று, புரதமொன்றின் அமைப்பைச் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. 2006இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒத்த புரதத்தின் அமைப்பு அதனோடு முரண்பட்டது. ஆராய்ந்தபோது, ஆய்வுகூட நிரலொன்று தரவுப் பத்திகள் இரண்டை இடம் மாற்றியிருந்தமை தெரியவந்தது. 5 ஆய்வுக் கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அமைப்பு ஏற்கெனவே நன்கறியப்பட்ட புரதமொன்றின் தரவைக் கொடுத்து அந்நிரலைச் சோதித்திருந்தால், தவறு தொடக்கத்திலேயே வெளிப்பட்டிருக்கக்கூடும்.

இதற்கென அமைந்ததே மீள்சோதனை. ஆங்கிலத்தில் 'ரெக்ரெஷன் டெஸ்ட்' என்பர். விடை அறியப்பட்ட சிறு தரவையும் அவ்விடையையும் சேமித்து வைத்து, நிரலில் ஒரு வரி மாறினாலும் மீண்டும் ஓட்டி ஒப்பிடவேண்டும். தசம எண்கள் கணினிக்குக் கணினி மிகச் சிறிதளவு வேறுபடலாம். எவ்வளவு வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். கண்டறியப்படும் ஒவ்வொரு பிழையும் புதியதொரு சோதனையாகச் சேர்க்கப்பட வேண்டும். விடை மாறினால், காரணம் அறியாது சேமித்த விடையைத் திருத்துதல் ஆகாது.

இது எம்மினத்தோடும் தொடர்புடையது. 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமலாக்கப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என, மனித உரிமைகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டமும் 2018இல் மதிப்பிட்டன. பல பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டே இம்மதிப்பீடு செய்யப்பட்டது. இத்தகைய பணியில் செல்வராசா, செல்வராஜா என ஒருவரே இருவராகிவிடலாம். ஒரே முதலெழுத்துடைய உடன்பிறந்தோர் இருவர் ஒருவராகிவிடவும் கூடும். இவ்விருவகைப் பெயர்களையும் சோதனைத் தரவில் வைத்திருப்பின், நிரலை மாற்றும்போதெல்லாம் இப்பிழைகள் உடனே புலப்படும்.

இழப்புகளைப் பதிவுசெய்ய முன்வரும் இளையோரே! எண்ணிக்கை குறைந்தால் ஒரு தாயின் பிள்ளை பட்டியலிலிருந்தும் மறைகின்றது. கூடினால், மறுப்போர் கைக்கு நாமே சான்று கொடுத்தவராவோம். சோதிக்கப்பட்ட எண்ணே எந்த மன்றிலும் நிலைத்து நிற்கும்.