இரண்டு சபாபதிகளும் ஒரு சிவகாமியும்

(நூற்றாண்டு விழாவில் ‘சபாபதி’ திரைப்படம் காட்டப்பட்ட பின் ஆற்றப்பட்ட உரை)



‘சபாபதி’யைப் பார்த்து எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். தமிழ்ப் படம் பேசத் தொடங்கி 10 ஆண்டுகளின் பின், 1941இல் வெளிவந்த படம் இது. ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கினார்கள். மூலம், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். அவர் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை இலங்கைக்கும் வந்து நாடகம் போட்டது. அந்தச் சபையின் மேடையில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். திரையிலோ சிவகாமியாக பத்மா வருகிறார்.

கதை சிறியது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை சபாபதி (டி. ஆர். ராமச்சந்திரன்) படிப்பில் மந்தம். வேலைக்காரனுக்கும் (காளி என். ரத்தினம்) அதே பெயர், சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்பவன். முதலாளிச் சபாபதி, படித்த பெண்ணான சிவகாமியை மணக்கிறார். அவளே அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பரீட்சையில் தேற வைக்கிறாள்.

இரண்டு சபாபதிகளுக்கும் விளங்காத விடயங்கள் உண்டு. முதலாளிக்கு ஒரு சிவகாமி கிடைத்தாள். வேலைக்காரனுக்குக் கிடைத்தது நமது சிரிப்பு.

வைத்தியர்களாகிய நாங்கள் அந்த வேலைக்காரனை கிளினிக்கில் அடிக்கடி சந்திக்கிறோம். ‘சாப்பாட்டுக்குப் பிறகு குளிசை போடுங்கோ’ என்றால், மத்தியானச் சாப்பாடு இல்லாதவர் அந்தக் குளிசையையும் விட்டுவிடுவார். அவர் சொன்னபடியேதான் செய்தார். அதனால், ‘எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள் அம்மா?’ என்று முதலில் கேட்கிறோம். பிறகு, தான் விளங்கிக்கொண்டதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்கிறோம். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தோழிகளே, சிவகாமியைப் போலப் படிக்கக் கொடுத்து வைத்தவர்கள் நாம். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். மருந்துச் சிட்டையை வாசிக்க முடியாத முதியவர், விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் அயலவர், நம் வீட்டில் வேலை செய்பவரின் மகள் ஆகியோருக்குப் பக்கத்திலும் கொஞ்ச நேரம் இருப்போம். சிரிக்காமல், அவசரப்படாமல் சொல்லிக் கொடுப்போம். நம் கல்லூரித் தாய்க்கு நூறாவது ஆண்டில் நாம் கொடுக்கக்கூடிய நல்ல பரிசு அது.