வானத்து ஒளியும் வலுவான சான்றும்



அம்பூரி மலையோரத்தில் ஒருவர், இரவு வானில் இனந்தெரியாத ஒளி கண்டேன் என்பாராயின், ஒரு சாரார் அதனை வேற்றுலகத்தார் ஊர்தி என்பர். மற்றொரு சாரார் கண்டவரை எள்ளி நகையாடுவர். இரண்டும் முறையன்று. கண்டவர் பொய்யர் அல்லர். ஆயினும் உண்மை பேசுதல் வேறு; சான்று காட்டுதல் வேறு.

நமக்கு அண்மையிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று மாலை முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அது வானில் விடுத்த சோடியம் ஆவி, மறைந்த கதிரவன் ஒளியில் செம்மஞ்சள் முகிலாய்த் திகழ்ந்தது. செய்தி அறிந்தோர்க்கு அது விஞ்ஞானம், அறியாதோர்க்கோ பெருவிந்தை!

லடாக் எல்லையில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை நம் படைவீரர்கள் 329 முறை ஒளிப்பொருள்களைக் கண்டனர். அவை சீனரின் வேவு விமானங்களோ என ஐயுற்றனர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார், அவை தோன்றும் நேரத்தையும் நகரும் போக்கையும் விண்மீன்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, ஒன்று வியாழன், மற்றது வெள்ளி எனத் தெளிவித்தனர். வெறும் வாய்மொழியை நம்பியிருந்தால் கோள்கள் பகைவராகவே இருந்திருக்கும்!

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய 12,618 செய்திகளுள் 701 விளங்காமலே எஞ்சின. விளங்காமை ஒன்றே வேற்றுலகத்துக்குச் சான்றாகாது. நாசா அமைத்த குழுவும் 2023இல் நல்ல தரவு இல்லாமையையே பெருங்குறையாகக் கூறிற்று.

புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் நாம், வண்டி "சற்றுமுன் வந்தது" என எழுதுவதில்லை. மணியும் நிமிடமும் பதிவேட்டில் ஏறும். அடுத்த நிலையத்துப் பதிவேட்டோடு அதனை ஒத்துப் பார்க்கலாம். வானத்துக்கும் அம்முறையே தக்கது. கண்டவுடன் நேரத்தைக் குறிக்க வேண்டும். திசையை எழுத வேண்டும். நீட்டிய கையின் மடக்கிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. அதைக்கொண்டு உயரத்தை அளக்கலாம்.

அதே வேளையில் பாறசாலையில் ஒருவர் கண்டு, நம்மோடு கலந்து பேசுமுன் தனியே எழுதட்டும். இருவர்க்கும் திசையும் உயரமும் ஒன்றாயின் பொருள் மிகத் தொலைவிலுள்ளது, வேறுபடின் அண்மையிலுள்ளது. எத்துணைத் தொலைவு என்றும் கணக்கிடலாம்.

ஆகவே, நம் சங்கத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைப்போம். கண்டவரை நகையாதிருப்போம், கண்டதை எழுதச் செய்வோம். நகைப்புக்கு அஞ்சி வாய்மூடுவோர் உள்ளவரை நல்ல சான்று நம் கைக்கு வாராது.