நாங்கள் சிரித்த பாட்டு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் விடுதியில் இருந்த காலம். மட்டக்களப்புக் கிராமமொன்றிலிருந்து வந்த தோழி ஒருத்தி, தன் தகப்பனார் ஆடும் கூத்திலிருந்து ஒரு பாட்டை ஓர் இரவு எங்களுக்குப் பாடிக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம். அதன்பின் அவள் எங்கள் முன் பாடவேயில்லை. பியானோவும் வீணையும் பழகிய எங்களுக்கு, நல்ல ரசனை எங்களிடம்தான் இருக்கிறது என்ற எண்ணம்.

ரசனை பிறவியில் வருவதன்று என்பதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். 1960களில் அவர் பிரான்சில் திரட்டிய தகவல்களில், உயர்கல்வி ஆசிரியர்கள் பாக்கின் இசையைக் கூடுதலாக விரும்பினர். தொழிலாளர்கள் ‘நீல டானியூப்’ போன்ற இசையை விரும்பினர். வீடும் பாடசாலையும் ஊட்டியதையே நாம் நமது இயல்பு என்று எண்ணுகிறோம். பிறகு அதை வைத்தே பிறரைத் தரம் பிரிக்கிறோம் என்பது அவர் முடிவு.

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. உயர் தொழில் பார்ப்பவர்கள் சாஸ்திரிய இசையோடு நிற்காமல் பலவகை இசையையும் கேட்பதை ரிச்சர்ட் பீற்றர்சன் 1990களில் எடுத்துக்காட்டினார். வேலி மறைந்துவிட்டதா? இல்லை. பலதும் அறிந்திருப்பதே அங்கு புதிய அந்தஸ்தாயிற்று.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செப்பனிட்டு, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடியது சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. படித்தவர்கள் வியந்தார்கள். பின்னொரு நாள் கொழும்பு மண்டபமொன்றில் நாங்களும் கூத்துப் பார்த்து, எழுந்து நின்று கைதட்டினோம். அதே மத்தளம், அதே தாளம். கிராமத்து அண்ணாவியாருக்குக் கொடுக்காத மதிப்பை மண்டபத்துக்குக் கொடுத்தோம்.

சகோதரிகளே, இப்பாடசாலை நமக்கு நல்ல இசையைத் தந்தது. அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அதைப் பிறரை அளக்கும் கோலாக ஆக்கியவர்கள் நாமே. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகளின் அரங்கேற்றங்களை நடத்தும்போதும் இதை நினைவில் வைப்போம்.

அந்தத் தோழி எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் அவள் கைக்கு எட்டுமானால், அன்று சிரித்தவர்கள் மன்னிப்புக் கேட்கிறோம். அந்தப் பாட்டை இன்னொருமுறை கேட்க ஆசைப்படுகிறோம்.