பெருங்கட்டடங்களில் வைஃபை

சிறிய வீடொன்றின் நடு அறையில் ஏற்றிய விளக்கு அயல் அறைகளுக்கும் ஓரளவு ஒளி தரும். மூன்று மாடிப் பாடசாலைக்கு அது போதாது. அங்கே நடுவில் ஒரு பெருவிளக்கை எவரும் நாட்டுவதில்லை. அறைதோறும் சிறு விளக்கே பொருத்துவர். கம்பியில்லா இணையமாகிய வைஃபைக்கும் இதுவே விதி. ஆயினும், கடைசி வகுப்பறைக்கு இணையம் எட்டவில்லை என்றதும் மிக்க வலுவுள்ள கருவியொன்றை வாங்கினாற் போதுமென்று எண்ணும் நிர்வாகங்கள் பல. பணம் செலவாகும், குறை தீராது.

காரணம் எளியது. வானொலி நிலையம் பேசினால் நேயர் கேட்டிருந்தாற் போதும். வைஃபையோ இருவழிப் பேச்சு. மாணவன் கையிலுள்ள தொலைபேசியும் மறுமொழி அனுப்பியாக வேண்டும். அதன் குரல் மெலிது. அது கொங்கிறீற்றுச் சுவர்களைக் கடந்து வராவிடில், கருவியின் குரலை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை.

இரண்டாவது இடர் நெரிசல். 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளிலிருந்த நிலையங்களை வானொலி அலைகளால் கணினியோடு இணைத்தது. இரு நிலையங்கள் ஒரே வேளையில் பேசினால் செய்தி கெடும். மீண்டும் அனுப்ப நேரும். இன்றைய வைஃபைக் கருவிகள் பிறர் பேச்சு ஓய்ந்ததா என்று செவிமடுத்த பின்னரே பேசுகின்றன. ஆகவே ஒரே அலைவரிசையில் கருவிகள் பெருகினால் காத்திருப்பும் பெருகும். 2.4 கிகாஹேட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மோதாதவாறு வழக்கமாக வகுக்கப்படும் அலைவரிசைகள் 1, 6, 11 என்னும் மூன்றே. 5 கிகாஹேட்ஸ் பகுதியில் இடம் அதிகம். எனினும் அவ்வலைகள் சுவர்களில் விரைவிலே தளர்ந்துவிடும்.

எனவே வலுக் குறைந்த கருவிகள் பலவற்றைப் பகிர்ந்து வைப்பதே அறிவுடைமை. அடுத்தடுத்த கருவிகளுக்கு வெவ்வேறு அலைவரிசை கொடுத்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் கம்பிவடத்தால் இணைத்தல் நன்று. அவ்வடம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது. அவ்வடத்தின் வழியே மின்சாரமும் பெறத்தக்க கருவியைத் தேர்ந்தால், கூரையில் வேறு மின்னிணைப்பு வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து மேற்பார்க்கும் வசதியும் இருத்தல் வேண்டும். இல்லையேல் இருபது கருவிகளின் கடவுச்சொல்லை மாற்ற இருபது முறை ஏணி ஏற நேரிடலாம். அலுவலகப் பதிவேடுகள் செல்லும் வலையும் விருந்தினர் வலையும் வேறு வேறாக இருத்தல் அவசியம். உற்பத்தியாளர் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்களைக் காலந்தவறாது ஏற்றுதலும் நிர்வாகத்தின் கடமை.

வாங்குமுன் கருவியொன்றை இரவல் பெற்று, கதவுகள் மூடியிருக்க, வகுப்புகள் நடக்கும் வேளையில் கட்டடமெங்கும் நடந்து சோதிப்பது நன்று. வெறுங்கட்டடத்தில் கிடைக்கும் விடை மெய்யான விடையன்று. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் பாடம் தடையின்றி வந்து சேருமாயின், அதுவே நல்ல அமைப்பு.