கடலடிக் குழாயின் உட்புறம்



நான் கள்ளக்குறிச்சியில் பள்ளி மாணவனாக இருந்தபோது, எங்கள் விஞ்ஞான ஆசிரியர் எங்களைக் கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு அழைத்துச் சென்றார். அன்று துப்புரவுக்காக அரவை நிறுத்தப்பட்டிருந்தது. கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சும் பெருங்கலத்தினுள் எண்ணற்ற குழாய்கள் செங்குத்தாக நின்றன. ஒரு தொழிலாளி சுழலும் தூரிகை ஒன்றை அவற்றினுள் ஒவ்வொன்றாக விட்டு, படிந்திருந்த காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "கலம் நன்றாகத்தானே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டேன். "வெளியே பார்த்தால் என்ன தெரியும், தம்பி? சாறு ஓடுவது உள்ளேதானே!" என்றார் அவர்.

அந்தச் சொல்லின் ஆழம், கடலுக்கடியில் கிடக்கும் எரிவாயுக் குழாய்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலில் 1974ஆம் ஆண்டு எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைக்கும் எண்ணெயும் வாயுவும் கடலடிக் குழாய்களின் வழியாக உரண் என்னும் கரையூருக்கு வருகின்றன. இத்தகைய குழாய்க்கு வெளிப்புறத்தில் காவல் உண்டு. துருவைத் தடுக்கும் பூச்சு உண்டு. கனத்துக்காகக் காங்கிரீட்டுப் போர்வை உண்டு. எஃகுக்குப் பதிலாகத் தாம் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டிகளும் உண்டு. ஆயினும் இவற்றுள் எதுவும் குழாயின் உட்புறத்தைக் காப்பதில்லை.

உள்ளே இருக்கும் பகை யாது? நீர்தான். கிணற்றிலிருந்து வரும் வாயுவில் நீராவியும் கரியமில வாயுவும், சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்திருக்கும். குளிர்ந்த கடலடியில் ஆவி நீராகித் தாழ்ந்த இடங்களில் தேங்கும். அந்நீரில் இவ்வாயுக்கள் கரைந்து அமிலமாகி, குழாயின் அடிப்பாகத்தைச் சிறிது சிறிதாக அரிக்கும்.

இதன் விளைவைக் கரையிலேயே நம் நாடு கண்டிருக்கிறது. ஆந்திர மாநிலத்துக் கோதாவரிப் பகுதியில் 'நகரம்' என்னும் பெயர்கொண்ட சிற்றூரில், 2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென அமைத்த குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதும், குழாய் அரிக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. மண்ணுக்கடியில் இருந்த குழாய்க்கே இந்தக் கதியென்றால், கடலுக்கடியில் கிடப்பதை எவ்வாறு காப்பது?

அதற்கென ஒரு கருவி உண்டு. தொழிலாளர் அதை 'பிக்' என்பர். பன்றி என்பது அதன் பொருள். குழாயில் உராய்ந்து செல்லும்போது அது எழுப்பும் கிறீச்சொலியால் அப்பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. குழாயின் உள்விட்டத்துக்கு இறுகப் பொருந்தும் நெகிழ்வான வட்டுகளும் கம்பித் தூரிகைகளும் அதற்கு உண்டு. கடல் மேடையிலுள்ள அறையில் அதை வைத்துக் கதவை இறுக மூடி, பின்புறம் வாயுவைச் செலுத்துவார்கள். வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளிச் செல்லும். எதிர்ப்பட்ட நீரையும் கசடையும் முன்னே தள்ளிக்கொண்டு அது கரைக்கு வந்து சேரும். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சென்றால், 200 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 28 மணி நேரமாகும்.

துப்புரவு முடிந்த பின்னர் சோதனைக் கருவி செல்லும். அதிலுள்ள வலிய காந்தங்கள் எஃகுச் சுவரில் காந்தவிசையை நிரப்பும். சுவர் மெலிந்த இடத்தில் அவ்விசை வெளியே கசியும். சுற்றிலுமுள்ள உணர்விகள் அக்கசிவை அறிந்து பதிவு செய்யும். உருளும் சிறு சக்கரம் தூரத்தை அளக்கும். கேளா ஒலியாலும் சுவரின் கனத்தை அளக்கலாம். ஆனால் அதற்குப் பொதுவாகத் திரவத்தின் துணை வேண்டுமாதலால், வாயுக் குழாய்க்குக் காந்த முறையே எளிது. பழுது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைப் பின்னர்ப் பொறியாளர் கணித்துவிடுவர்.

கருவி கரை சேர்ந்தாலும் அபாயம் நீங்கிவிடாது. அது வாரிவந்த கரிய தூளில் இரும்புச் சல்பைடு இருந்தால், காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றக்கூடும். ஆகவே அதை நீரால் நனைத்தே வைப்பார்கள். குழாய்க்குள் பகையாக இருந்த நீர், குழாய்க்கு வெளியே காவலாகிறது!

மாணவ நண்பர்களே, குழாய் தன் நோயைத் தானே சொல்லாது. நாமே சென்று கேட்க வேண்டும். வெடிக்கும் நாள்வரை அது வெளியே நன்றாகவே தோன்றும். உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். 'எல்லாம் சரியாக ஓடுகிறது, இன்று எதற்குச் சோதனை?' என்று எவரேனும் உங்களைக் கேட்கும் நாள் வரும். அன்று அந்த ஆலைத் தொழிலாளி எனக்குச் சொன்ன விடையை நீங்களும் சொல்லுங்கள்.